பயனாளி கையொப்பம்

படிவம் நான்கு, பக்கம் இரண்டு.
பயனாளியின் பெயர்.
பயனாளியின் வயது.
பயனாளியின் கையொப்பம்
அல்லது இடது பெருவிரல் ரேகை.

புதுப்பேட்டையில்
கழற்றிப்போட்ட கார்க் கதவுகளுக்கு நடுவே
மசூதியை ஒட்டிய ஒற்றை அறை.
மேஜைக்கு அந்தப் பக்கம் கமாலுத்தீன்,
பகலில் பழைய சைலன்சர் விற்கிறவர்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
விரல் வைத்துப் படித்தார்.
"ரேகை கிடைக்கும் மேடம்,
போலீஸே எடுத்து வெச்சிருப்பாங்க.
சம்மதம்னு போட்டிருக்கே,
அதை யார்கிட்ட கேக்கறது?"

எங்கள் அறக்கட்டளை நுங்கம்பாக்கத்தில்,
மூன்றாம் மாடியில்.
நிறுவியவர் பம்ப்செட் செய்து பணம் சேர்த்தவர்.
எந்தக் கோயில் டியூப்லைட்டிலும்
அவர் பெயர் கிடையாது.
அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.
"சாமிக்குத் தர மாட்டேன்,
சாமி பேரைச் சொல்லிக்கொண்டு
குனிந்து தூக்குகிறவனுக்குத் தருவேன்"
என்று உயிலில் இருக்கிறதாம்.
வக்கீல்கள் அதை விதி பதினொன்று ஆக்கினார்கள்:
வழிபாட்டுச் செலவுகள் ஏற்கப்படமாட்டா.

ஆகவே
குளிர்பெட்டி, ஏற்கப்பட்டது.
வேனுக்கு டீசல், ஏற்கப்பட்டது.
காடாத்துணி, ஆளுக்கு ஐந்து மீட்டர்.
'ஆளுக்கு' என்பதை 'எண்ணிக்கைக்கு' என மாற்றவும்,
பென்சிலில் எழுதியிருந்தார் ஆடிட்டர்.
நான் மாற்றவில்லை.
போன வருடம் நூற்று நாற்பத்தொரு ஆள்.

பயனாளியின் வாழ்வில் ஏற்பட்ட மாற்றம்,
நூறு சொற்களுக்கு மிகாமல்.
கமாலுத்தீன் சிரிப்பார் என்று நினைத்தேன்.
"பெட்டியிலேர்ந்து மண்ணுக்கு.
அவ்ளோதான், எழுதிக்குங்க."

காலாண்டு ஆய்வு. வேனில் ஏறினேன்.
பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில்
இரண்டு மணி நேரம், மூன்று முத்திரை.
அடையாளம் தெரியாத ஆண், சுமார் ஐம்பத்தைந்து,
பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்தோரம்.
சட்டைப்பையில் சீப்பு,
எழுத்து கரைந்துபோன மருந்துச்சீட்டு.
வலது முன்கையில் பச்சை குத்தியிருந்தது.
தோல் சுருங்கி
பாதிதான் தெரிந்தது.

"வேல்" என்றார் கமாலுத்தீன்.
"நங்கூரம்" என்றார் ஓட்டுநர் சகாயம்.
எனக்கு மீன்முள் போலிருந்தது, சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்,
பழைய ரூபாய் நோட்டை
வெளிச்சத்தில் பார்ப்பதுபோல.
"ரெண்டும் செஞ்சிடுவோம்.
ஒண்ணாவது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

மூலகொத்தளத்தில் மழை அப்போதுதான் விட்டிருந்தது.
குழியில் கணுக்கால் தண்ணீர்.
பெயின்ட் டப்பாவால் இறைத்தார்கள்.
"நீங்க வண்டியிலேயே இருங்க மேடம்."
இறங்கினேன்.
செருப்பில் சேறு ஏறியது.

மண்மேட்டின் தலைமாட்டில்
சகாயம் ஒரு மெழுகுவத்தி நட்டார்.
கமாலுத்தீன் பக்கத்திலேயே
ஓட்டுச்சில்லில் கற்பூரம் வைத்தார்.
தனக்குத் தெரிந்ததை
உதடு மட்டும் அசைய ஓதினார்.
ஈரக்கை. காற்று. இரண்டு குச்சி வீண்.
தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.
மூன்றாவது பற்றிக்கொண்டது.
எனக்கு எந்தச் சாமியும் இல்லை என்பதை
நான் சொல்லியிருக்கவில்லை.
அவர்கள் கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை கணக்கு திரும்பி வந்தது.

கற்பூரம், எட்டு ரூபாய்:
வழிபாடு. நீக்குக.
தீப்பெட்டி, இரண்டு ரூபாய்:
ஏற்கப்பட்டது.
மெழுகுவத்தி, பத்து ரூபாய்:
வழிபாடா, மின்தடையா?
விளக்கம் தருக.

மின்தடை என்று எழுதினேன்.
அன்று சாயங்காலம்
அங்கே ஒரு விளக்கும் எரியவில்லை என்பதும்
உண்மைதான்.