நான்காம் அறை

ஒரு அறைக்கு எட்டுப் பேர்.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
மணி அடித்தால் அடுத்தவர்.
குறுக்கே பேசினால் ஒலியை மூடு,
கோபித்துக்கொண்டால் நன்றி சொல்.
இரண்டு நாள் பயிற்சி, இதற்குத்தான்.
மூன்றாம் நாள்
கீழக்கரையில் ஜெராக்ஸ் கடை மாடியில்
இரைகிற மேசை விசிறியைக் காலால் அணைத்துவிட்டு
நான்காம் அறையைத் திறந்தேன்.

கேள்வி ஒன்றே ஒன்று:
புதிய மீன் இறங்குதளம் எங்கே வேண்டும்?
அ, ஆ, இ.
வரைபடத்தில் மூன்று சிவப்புப் புள்ளி.

முதலில் நம்புராஜன், நாட்டுப்படகு.
முகம் தெரியவில்லை, பனைமட்டை வேலி தெரிந்தது.
கச்சான் காற்று போனுக்குள் புகுந்து
அவருடைய இரண்டு நிமிடத்தில்
ஒன்றேகாலைத் தின்றுவிட்டது.
"காத்து பேசுனதக் கழிச்சுக்கிருங்க" என்றார்.
கழிக்க விதியில்லை.
கழித்தேன்.

ஐஸ் வியாபாரி சீனி ஜமால்
பத்தே நொடியில் 'ஆ' என்றார்.
மிச்சத்தை மச்சானுக்குத் தரலாமா என்று கேட்டார்.
நேரம் கைமாற்றத் தக்கதல்ல என்று
தாளைப் பார்த்து வாசித்தேன்.
"கரையவே கைமாத்துறாக, நேரத்த மாத்தப்படாதா?"
யாரோ சிரித்தார்கள்.
எட்டுக் கட்டங்களில் மூன்று இருட்டு,
அதற்குள்ளிருந்து.

விசைப்படகுச் சங்கத்துச் செயலாளர்
எழுதி வைத்து வாசித்தார்.
மணி அடிக்கையில் முன்னுரையில் இருந்தார்.

பிறகு கித்தேரியம்மாள்,
சின்ன ஏர்வாடி, பாசி எடுப்பவர், மகளின் போன்.
பேசவில்லை.
சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன்;
கண் சிமிட்டினார்.
இருபது நொடி. நாற்பது.
பேசாதவரை என்ன செய்வது என்பதற்கும்
கையேட்டில் ஒரு பக்கம் உண்டு.
"தங்கள் கருத்து மதிப்புமிக்கது" என்றேன்.
"படத்தப் பெருசாக்கு" என்றார்.
ஆக்கினேன்.
இன்னும்.
இன்னும்.
சிவப்புப் புள்ளிகள் விளிம்பு தாண்டிப் போயின,
திரை முழுக்க நீலம்.

"இங்கன என்ன எழுதியிருக்கு?"

ஒன்றுமில்லையே அம்மா.

"அதத்தேன் கேக்குறேன்."

மணி அடித்தது.
அடித்த பிறகும் சொன்னார்:
"செவந்தான் பாரு. கழுத்தளவு தண்ணி.
நான் முங்குற எடம்."
அதற்குத் தெற்கே கொடுவாக்கல் என்றார் நம்புராஜன்.
அதுக்கும் இதுக்கும் நடுவே
மூக்குத்தி விழுந்த குழி என்றது ஓர் இருட்டுக் கட்டம்.
வாப்பாவின் தோணி தட்டிய கல்லை
ஜமால் சொன்னார்.
செயலாளர் தாளைக் கீழே வைத்து
தன் வலையைக் கிழித்த பாறையைத்
திட்டோடு சேர்த்துச் சொன்னார்.
ஒரே கல்லுக்கு இரண்டு பேர் வந்து சண்டை.
இரண்டையும் எழுதினேன்.
ஒலியை மூடும் பொத்தான் மேலேதான் என் விரல் இருந்தது,
அழுத்த மறந்து.

"அதுக்கும் கெழக்க ஒண்ணு, முண்டா…"
முப்பது நொடி முடிந்து
அறை தானாக மூடிக்கொண்டது.

பெரிய அறையில் முடிவு கேட்டார்கள்.
ஒன்றாம் அறை: ஆ.
இரண்டு: ஆ.
மூன்று: இ, ஒருவர் மறுப்பு.
நான்காம் அறை பதில் சொல்லவில்லை என்றேன்,
கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பூஜ்யம் போடவா, என்றார் அலுவலர்.
பத்தொன்பது போடுங்கள்.
எது பத்தொன்பது?
படிவத்தில் இருநூற்றைம்பது எழுத்துக்குத்தான் இடம்;
கொடுவாக்கல்லோடு நிரம்பிவிட்டது,
மிச்சம் இணைப்பில்.

அந்தப் பாதிப் பெயரைக் கேட்டு
ராத்திரி மகளுக்கு அனுப்பினேன்.
விடிகாலை நாலே முக்காலுக்குப் பதில் வந்தது:
"அம்மாவுக்கு மறந்துபோச்சாம்.
முங்குனா ஞாபகம் வருமாம்.
இப்பத்தான் எறங்குறாக."