மூன்று மிஸ்டு கால்

பதினான்கு வாக்கில் தோற்றேன்.
வேதியியல் துறைக் கரும்பலகையில்
ஐந்தைந்தாகக் கட்டிய கீரைக்கட்டுகள் மாதிரி
கோடுகள் நின்றன.
தில்லிபாபுவுக்கு மாலை போட்டார்கள்.
எனக்கு யாரோ மோர் வாங்கித் தந்தார்கள்.

அடுத்த வாரம் தலைமைப் பண்புப் பயிலரங்கு.
சென்னையிலிருந்து வந்தவர்
பெரிய முக்கோணம் ஒன்று வரைந்து
உச்சியில் புள்ளி வைத்தார்.
"இங்கே நிற்கப்போவது யார்?"
கைகள் உயர்ந்தன, என்னுடையதும்.
பின்வரிசையில் ஹரிகா இல்லை.
அந்த நேரம் அவள்
பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலத்தின் நடுவில்
நின்றுகொண்டிருந்தாள்,
முட்டிக்கு மேல் தண்ணீர்
தலைக்கு மேல் பை.

அணை ஆந்திராவில்.
மதகு திறந்த சேதி
தெலுங்கில் ஒரு மேசையிலிருந்து புறப்பட்டு
தமிழில் இன்னொரு மேசைக்கு வந்து சேர்வதற்குள்
தண்ணீர் வந்துவிடும்.
அதற்குப் பாஷை வேண்டாம், முத்திரை வேண்டாம்.
பையைக் கைவிட்டுக் கரையேறினாள்.
செமஸ்டர் ஹால்டிக்கெட் அதில்தான்.

அவளுடைய சின்னாயனா
அணைக்கு எதிரே தக்காளி மண்டியில் பெட்டி எண்ணுகிறவர்.
"பேச நேரமில்லம்மா, மிஸ்டு கால் தரேன்.
ஒன்று அடித்தால் ஒரு மதகு.
இரண்டு அடித்தால் இரண்டு.
மூன்று அடித்தால்
ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது."

ஒரு நோட்டு, பதினொரு ஊர்,
அக்கரையிலிருந்து வரும் நூற்று முப்பத்திரண்டு பேர்.
என் தெலுங்கு கோணல்.
"மீ நம்பர் செப்பண்டி" என்றால்
வாசலில் மேயும் கோழிகூடத் திரும்பிப் பார்க்கும்.
ஒரு வீட்டில் கேட்டார்கள்,
"ஜெயிச்ச பையன் வரலையா?"

வந்தான். மூன்றாம் நாள், பெயிண்ட் டப்பாவோடு.
சுவரெல்லாம் தன் பெயர் எழுதி மிஞ்சிய சிவப்பு.
பாலத்துக் கல்லில் முட்டியளவுக்கு ஒரு கோடு,
இடுப்பளவுக்கு ஒரு கோடு.
யாருடைய முட்டி என்று
அரை மணி நேரம் தகராறு.
தன் காலைத்தான் முதலில் நீட்டினான்.
கடைசியில்
கல்லூரியிலேயே குள்ளமான புவனாவை நிறுத்தி அளந்தோம்.
"வெயில் சுடுது, சீக்கிரம்" என்றாள் அவள்.

நன்றாகத்தான் போனது.
கார்த்திகையில் ஒரு காலை மூன்று அடித்தது.
அத்தனை பேரையும் நிறுத்தினேன்.
தண்ணீர் வரவில்லை.
சின்னாயனாவின் இரண்டு வயது மகன்
போனை எடுத்து விளையாடியிருக்கிறான்.
நாற்பது பேருக்கு
இன்டர்னல் தேர்வு போயிற்று.

துறைத்தலைவர் அறை வாசலில்
அந்த முக்கோணம் ஞாபகம் வந்தது.
உச்சிப் புள்ளியில்
ஒதுங்க நிழலே இல்லை.
"தப்பு என்னுது சார்."
அதற்கு மேல் தொண்டை வரவில்லை.
கூப்பிடாமலே பின்னால் வந்து நின்றவன்
"செயலாளர் நான்தான் சார்,
திட்டுறதுன்னா என்னையும்" என்றான்.
அவரும் குறை வைக்கவில்லை.

முப்பத்தொரு பேருக்கு மறுதேர்வு கிடைத்தது.
மற்ற ஒன்பது பேர்
இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.
பேருந்தில் என் பக்கம் இடம் இருந்தாலும்
நின்றேதான் வருகிறார்கள்.

நேற்று ராத்திரி இரண்டு பத்துக்கு
அடித்து நின்றது.
அடித்து நின்றது.
இன்னொன்று அடிக்கக் கூடாது என்று
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
கவிழ்ந்தபடியே அடித்தது.

குழந்தை தூங்கியிருக்கும் இந்நேரம்,
என்றுதான் நினைத்தேன்.
தூங்காத குழந்தைகளும் உண்டு.
நோட்டைத் திறந்தேன்.
காலை முதல் வண்டிக்கு இறங்குகிறவர்கள்
நாலு மணிக்கே எழுந்துவிடுவார்கள்.

அந்த ஒன்பது பேரிலிருந்து தொடங்கினேன்.
முதல் எண், நீண்ட ரிங்.
எடுத்தவள் ஒன்றும் பேசவில்லை.
மூச்சு மட்டும் கேட்டது,
எங்கோ தள்ளி ஒரு நாய்.
பிறகு,
"சொல்லு" என்றாள்.