வெறுஞ்சாக்கு

காலை பத்தேகாலுக்கு
ஏழாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்தது.
பதினொன்றுக்கு
என் மருந்துக் காம்பராவில் ஒன்பது பெண்கள்.
கண் மூடிப்போன முகங்கள்.
கழுத்தெல்லாம் ரொட்டி ரொட்டியாய்த் தடிப்பு.
ஒருத்தியின் கொண்டைக்குள்
இன்னும் உயிரோடு ஒன்று
இரைந்துகொண்டிருந்தது.

போத்தலைக் கவிழ்த்து
மஞ்சள் குளிசைகளை எண்ணினேன்.
பிரிட்டன் என்பார்கள் அதை இங்கே.
‘அந்தப் பேரில் ஒரு நாடும் இருக்கு,
அதால வந்த தடிப்புக்கு மட்டும்
என்னிட்ட மருந்தில்ல’ என்று
பெக்டரித் தூசில் தும்மிக்கொண்டு வருகிறவர்களுக்கு
வழக்கமாய்ச் சொல்லும் பகிடியை
அன்றைக்குச் சொல்லவில்லை.

‘இத்தினியூண்டு குளிசை
இம்புட்டு வெசத்தயும் எடுத்துருங்களா ஐயா?’
கேட்டது தவமலர்.

எடுக்காது.
விஷம் இருக்கும்.
விஷத்தைக் கண்டு பயந்து
உன் உடம்பே அவிழ்த்துவிட்ட ஹிஸ்டமினும் இருக்கும்.
கொழுந்து மடுவத்துத் தராசை நினைத்துக்கொள்.
ஹிஸ்டமின் ஓடிவந்து கொக்கியில் தொங்கினால்
முள் ஆடும்:
நாளம் விரியும், நீர் கசியும்,
தோல் தடிக்கும், அரிக்கும்,
மூக்கிலென்றால் அடுக்குத் தும்மல்.
குளிசை முந்திப் போய்
வெறுஞ்சாக்காய் அதில் தொங்கிக்கொள்ளும்.
பாரத்தோடு வந்தது
வரிசையிலேயே நிற்கும்.
நிறுவை விழாது.

அவள் சிரித்தாள்,
வீங்காத பக்கத்து உதட்டால்.
‘நம்ம கணக்கப்புள்ள மாதிரின்னு சொல்லுங்க.
கொழுந்து இருக்கும்,
நிறுவ விழாது.’

புஸ்பலீலா மட்டும் வாங்கில் உட்காரவில்லை.
தண்ணீர் கேட்டாள்.
பாதிச் சொல்லில் குரல் கம்மியது.
தொண்டை அடைத்து, நாடி விழும்போது
வெறுஞ்சாக்கால் ஆகிற காரியமில்லை.
அட்ரினலின் ஒன்று இருந்தது.
தொடையில் போட்டேன்.
இரண்டாவது
முப்பத்தொரு வளைவுக்கு அப்பால்,
பெரியாஸ்பத்திரி அலுமாரியில்.
லொறி
கொழுந்தை இறக்கிவிட்டு வர
நாற்பது நிமிடம்.

மற்ற எட்டுப் பேரும் தூங்கிப்போனார்கள்.
பழைய குளிசைக்கு அந்தக் குணம் உண்டு;
தோலோடு நில்லாது,
மூளைக்கும் ஏறும்.
அங்கேயும் கொக்கிகள்.
அங்கே ஹிஸ்டமினுக்கு வேறு உத்தியோகம்,
ஆளை விழிக்கவைத்திருப்பது.
தோளில் தோள் சாய்ந்து,
வாய் திறந்து,
இரட்டுப் படங்கின் ஈரம் காயாமல்
எட்டுப் பேர்.
இரண்டரைக்கு டெலிபோன் வந்தது.
யாரையும் நான் எழுப்பவில்லை.

அன்றைக்கு அவர்களுக்கு
அரைப்பேர் விழுந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து
தவமலர் வந்தாள்.
‘அரிக்குதுங்க’ என்று கையை நீட்டினாள்.
சிவந்துதான் இருந்தது,
நேராய், பக்கம் பக்கமாய்,
சீப்பின் பல்லுக்குப் பல்.
‘தும்மலும் இருக்கு.’
தும்மிக் காட்டினாள்.
அவ்வளவு சுத்தமான தும்மலை
என் இருபது வருடச் சேவையில் கேட்டதில்லை.

ஹட்டனிலிருந்து புதிதாய் வந்த
வெள்ளைக் குளிசையை எடுத்தேன்.
செட்டிரிசின்.
அரிப்பை நிறுத்தும்;
மூளைக்கு அவ்வளவாய் ஏறாது,
பழையது போல் அசத்தாது.
‘அது வேணாங்க.’
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.
‘மஞ்சளு.’

ஜன்னலுக்கு வெளியே
மிஸ்டு இறங்கி மலையே இல்லை.

இது தூக்கத்துக்கான மருந்தில்லை,
நாலைந்து நாளில் அந்தக் குணமும் மழுங்கும்,
விடிந்தபின்னும் தலை கனக்கும்,
சரிவில் கால் இடறும்.
எல்லாவற்றையும் சொல்ல
வாயெடுத்தேன்.
கொஞ்சம் சொன்னேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
தவமலர், மேல்பிரிவு, தடிப்பு.
இரண்டு குளிசை. இரவில் மட்டும்.
உறையின் மேல், கைப்பழக்கத்தில்,
‘வாகனம் ஓட்ட வேண்டாம்’ என்றும்.

எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
‘ஓட்டலீங்க’ என்றாள்.
உறையை நாலாய் மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு,
நாளைக்கு எத்தனையாம் நம்பர் மலை என்று
வாசலில் நின்ற பெண்ணிடம் கேட்டாள்.
ஏழு என்றது
எனக்கும் கேட்டது.