பார்வைத் தூரம்: ஐம்பது மீட்டர்

டிக்கெட் கொடுக்கும் பெண் நேர்மையானவள்.
‘இன்றைக்கு மேலே ஒன்றும் தெரியாது,
பரவாயில்லையா?’ என்று
இரண்டு தடவை கேட்டாள்.
நாளைக் காலை ஆறேகாலுக்கு எனக்கு ரயில்.
கொடுங்கள் என்றேன்.

காதை அடைத்த லிஃப்ட்
ஒரு நிமிடத்துக்குள்
கொண்டுபோய் விட்டது
பெர்லின் இருக்கவேண்டிய இடத்துக்கு.

வெள்ளை.
சுற்றிலும், காலுக்குக் கீழும் வெள்ளை.
சன்னல்தோறும் ஒரு பலகை:
இதோ ஆறு, இதோ தேவாலயம்,
இதோ முன்பு சுவர் போன வழி.
எல்லோரும் பலகையைப் படித்துவிட்டு
மரியாதையாக மூடுபனியைப் பார்க்கிறார்கள்.
ஒரு டேனிஷ்காரர் அதைப் படமும் எடுத்துக்கொண்டார்.

ரோஸ்விதா என்று சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியவள்
கண்ணாடி துடைத்துக்கொண்டே வருகிறாள்.
வெயில் நாளில் வெறும் விரல் ரேகைதானாம்;
பனி நாளில்தான்
இத்தனை மூக்கு.
என்னுடையதையும் சேர்த்துத் துடைத்தாள்.

அவள் வாளியைத் தூக்கிய நேரம்
கீழே ஒரு கிழிசல்.
மஞ்சள் டிராம் வளைவில் திரும்பியது.
சிவப்புக் குடை ஒன்று
அதன் பின்னால் ஓடியது.
எட்டிப் பிடித்ததா
என்று பார்ப்பதற்குள்
தைத்துவிட்டது பனி.

‘அந்த வண்டி நிற்காது’
என்றாள் ரோஸ்விதா,
திரும்பிப் பாராமலே.

இறங்கிச் சதுக்கத்தில் நின்று அண்ணாந்தேன்.
கோபுரம் கழுத்துவரைதான் இருந்தது.
மிச்சம் இல்லாத அந்த இடத்தில்தான்
காசு கொடுத்து
இவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன்.

தூறல்.
மணியடித்துக் கிளம்பியது ஒரு டிராம்.
ஓடினேன்.
மேலிருந்து யாரும்
பார்த்திருக்க முடியாது.