குடிமதிப்பு, 1886

பராகுவே. பாசோ குருப்பி கிராமம்.
வீட்டுக்கு இரண்டு காசு கூலி எனக்கு.
மை என் செலவு.

பதினேழாவது வீடு.
படிவத்தின் முதல் கட்டம் கேட்கிறது:
குடும்பத் தலைவன் பெயர்.
வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த
எஸ்கோலாஸ்திகா ரிவாரோலா
கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்:
"பொனிஃபாசியோ என்று எழுது.
எங்கே என்று மட்டும் கேட்காதே.
கேட்டால் ஆற்றைத்தான் காட்ட வேண்டும்."

இறந்தவர்களை எழுதக் கூடாதென்று உத்தரவு.
அடித்தேன்.
அவள் பெயரை எழுதப் போனால்
தலைவன் என்பதன் கடைசி எழுத்து இடித்தது.

ஆண் பிள்ளை?
"இருந்தான். பத்து வயது.
மாட்டு வால் மயிரில் தாடி ஒட்டிக்
கூட்டிப்போனார்கள்,
தூரத்திலிருந்து பார்க்கிறவன் பயப்படட்டும் என்று.
பசை நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன்."

பசைக்குக் கட்டம் இல்லை.

எட்டுப் பெண்கள், மூன்று பையன்கள்.
மூத்த பையனுக்குப் பதினான்கு.
தந்தை பெயர்: கோடு.
அடுத்தவன்: கோடு.
சின்னவனுக்கும் அதே.
மூத்தவனின் தாய்
ஜெயித்த படை தலைநகரில் தங்கியிருந்த நாளில்
அங்கே சந்தையில் சுருட்டு விற்றாளாம்.
"இவ்வளவு போதும்" என்றாள்.
போதும்தான்.
என் பெயருக்குப் பக்கத்திலும் அந்த இடத்தில்
ஒரு கோடுதான் இருக்கிறது.
அதனால் எனக்கு நேராகப் போட வரும்.

ஓட்டுரிமை உள்ளவர்: பூஜ்யம்.

நிலம்?
"உழுகிறோம்."
யாருடையது?
இப்போதுதான் கத்தி நின்றது.
"நாட்டில் மாடே இல்லாத வருஷங்களில்
நுகத்தின் இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் என் தங்கை தெலேஸ்ஃபோரா.
அப்போது யாரும் வந்து
யாருடையது என்று கேட்கவில்லையே தம்பி."

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
உழுதவளுக்குக்
கணக்கையே காட்டவில்லை.

சென்ற ஆண்டு சட்டம் வந்துவிட்டது.
அரசு நிலம் முழுக்க விலைக்கு.
கடன் அடைக்கவாம்.
சண்டைக்கு வாங்கிய கடனும் அல்ல,
தோற்ற பிறகு லண்டனில் வாங்கி
கப்பலேறி வருவதற்குள்
கோட்டுப் பைகளில் கரைந்த கடன்.
இந்தக் கரை, அந்தக் கரை,
நடுவிலிருக்கிற பதினொரு பேர்,
எல்லாம் ஒரே பத்திரத்தில்.
வாங்கியவர் போனஸ் அயர்ஸில் இருக்கிறார்.
அவருக்கும் இங்கே ஓட்டு இல்லை.
தேவைப்படவில்லை.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை.
என் வேலை எண்ணுவது.

வெந்த கிழங்கு இரண்டு துண்டு
இலையில் வைத்துத் தந்தாள்.
"எண்ணி முடித்து என்ன செய்வார்கள்?"
பத்திரமாக வைப்பார்கள் என்றேன்.
"அப்படியானால் பன்னிரண்டு என்று எழுது.
தாடிக்காரனையும் சேர்த்து."

மை தீர்ந்துவிட்டது என்றேன்.
புட்டியில் பாதி இருந்தது.
அவளும் பார்த்தாள்.

பதினெட்டாவது வீட்டில்
கூரை இல்லை, ஆள் இல்லை.
முற்றத்து ஆரஞ்சு மரம் மட்டும்
பறிக்க ஆளில்லாமல்
கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது.
யாருமில்லை என்று எழுதப் பேனாவை நனைத்தேன்.
எனக்கு முன்பே
சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்.
மரத்தில் பட்டையைச் சீவி
சுண்ணாம்பில்
எண் போட்டிருந்தார்கள்.