மூன்றரை விரல்

ஏழாவது நடை மர்வாவில் முடிந்தது.
"கலாஸ்" என்றேன். வண்டியை ஓரங்கட்டினேன்.
அந்தப் பெண் மூன்று விரல் நீட்டி
நாலாவதைப் பாதி மடக்கிக் காட்டினாள்.

போவதும் வருவதும் சேர்ந்துதான் ஒன்றாம் அவளுக்கு.
கழுத்து அட்டையில் சைராகுல், கிர்கிஸ்தான்.
அவள் மொழி எனக்கில்லை, என் அரபு அவளுக்கில்லை.
மிஸ்ஃபலாவில் பிறந்தவன், இருபது வருடமாய்
சக்கர நாற்காலி தள்ளுகிறேன்;
மாதம் நாலு பேராவது இப்படி எண்ணுவார்கள்.
விளங்கவைக்கவும் வழியுண்டு:
அவர்கள் பாஷை பேசும் வழிகாட்டிப் பையன்
பத்தடியில் பேரீச்சம்பழம் மென்றபடி நின்றான்.

கூப்பிடவில்லை.
நடைக்கு இவ்வளவு என்று பேசிய கூலி.
மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வியாழன் கடைசி.

எட்டு. ஒன்பது.
பச்சை விளக்குகளுக்கிடையே ஓடினேன்;
முக்காடு காற்றில் புடைக்கச் சிரித்தாள்.
பதினொன்றில் அழுதாள்.
பெயர் பெயராய்ச் சொல்லி அழுதாள்,
துர்சுன், அல்மாஸ், இன்னொரு துர்சுன்,
முதல் ஏழில் அவள் வாயில் வராத பெயர்கள்.

பதினாலு, சஃபாவில்.
ஸயீ முடியவே முடியாத இடத்தில் முடித்து
இரண்டு கையும் ஏந்தினாள்.
தெரியாமல் கூட நடந்தவர்மேல் குற்றமில்லை என்பார்
எங்கள் தெரு இமாம்.
நடந்தவர்மேல்.

நோட்டை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.
காய்ப்பைத் தடவி ஏதோ சொன்னாள்.
மீதிக்குப் பையைத் துழாவினேன்.
சில்லறை இருந்தது.
கையை விரித்தேன்.