தராசின் நாக்கு

தீயணைப்புத் தொண்டர் கூடத்தில்
நூற்றிருபது நாற்காலிகள்.
போர்த்துகலின் வடக்கு மூலை, ஜனவரி மாதம்,
உள்ளே உட்கார்ந்தவர்களின் மூச்சும் புகையாகத் தெரிந்தது.
பேச்சு மலையைப் பற்றி.
மலைக்குள் லித்தியம் இருக்கிறதாம்.
மலைமேல் அல்பெர்த்தினோவின் பசுக்கள் இருக்கின்றன.

போர்த்தோவிலிருந்து பேருந்தில் வந்தவள் நான்.
பத்தொன்பது ஆண்டுகளாக இதுவே பிழைப்பு:
ஆளுக்கு மூன்று நிமிடம்,
அளப்பதற்குத் தக்காளி வடிவத்தில்
ஒரு சமையலறை டைமர்.
யாரும் என் பெயரைக் கேட்பதில்லை.
பத்திரிகைக்காரி, அவ்வளவுதான்.

முதலில் நிறுவனத்தின் பொறியாளர்.
வரைபடத்தில் குழிக்குக்கூடப் பச்சை வண்ணம்.
தக்காளி அலறியது. சிரித்தபடியே தொடர்ந்தார்.
மைக்கை அணைத்தேன்.
கைதட்டினார்கள்.
கைதட்டலையும் நிறுத்தச் சொன்னேன்,
அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து டியோலிந்தா.
இரண்டு மகன்கள், இருவருக்கும்
லக்சம்பர்க்கில் கட்டட வேலை.
"குழிதான் என்றால் குழியாகவே இருக்கட்டும்.
ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகள்
என் மேஜையில் சாப்பிட வேண்டும்."
பின்வரிசையில் ஒரு குரல்: விலைபோனவள்.
எழுந்து நின்று, பெயரைச் சொல்லி,
அதையே இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன்.
நாற்காலிகள் கிரீச்சிட்டன.
எழுந்தவர் இல்லை.

அல்பெர்த்தினோ மைக்கை வாங்கினார், பேசவில்லை.
தொப்பியைக் கழற்றி
அதன் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்,
சொல்ல வந்ததை அங்கேதான் எழுதி வைத்தவர்போல.
ஒரு நிமிடம்.
இரண்டு.
தொலைக்காட்சியாக இருந்தால் குறுக்கிட்டிருப்பேன்.
மௌனத்துக்கும் மூன்று நிமிடம் உண்டா என்று
என் விதிமுறைத் தாளில் இல்லை.
கடைசியில், "தண்ணீர்" என்றார்.
கொண்டுவரச் சொல்கிறார் என்று நினைத்து
ஒரு சிறுமி குவளையோடு ஓடினாள்.
யாரும் சிரிக்கவில்லை.
அவர் வாங்கிக் குடித்தார்.

அப்போதுதான் சைரன்.
பாதிக் கூடம் எழுந்து ஓடியது.
டியோலிந்தாவின் தம்பி, அல்பெர்த்தினோவின் மருமகன்,
பின்வரிசைக் குரல் (இப்போது முகம் தெரிந்தது).
ஒருவன் தலைக்கவசத்தை இன்னொருவன் எடுத்து நீட்ட
ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள்.
எங்கோ ஒரு புகைபோக்கி பற்றிக்கொண்டதாம்.
"இது யார் நேரத்தில் கழியும்?" என்று கேட்டார் பொறியாளர்.
டைமரைத் திருகி நிறுத்தினேன்.
ஒருவர் வறுத்த கஷ்கொட்டையைச் சுற்றுக்கு விட்டார்.
பொறியாளரும் இரண்டு எடுத்துக்கொண்டார், விரல் சுட்டது.

காலையில், காபிக் கடையில்,
உள்ளூர் வானொலியின் நெலியோ
ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினான்.
"நீங்கள் எந்தப் பக்கம்?"
கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான்.
என்னுடைய தந்திரம் அது.
அமைதியை நீட்டினால் எதிராளி எதையாவது கொட்டுவார்.
எத்தனை பேரை இப்படி
வியர்க்க வைத்திருக்கிறேன்!

தராசின் முள்ளுக்கும் நாக்கு என்றுதான் பெயர்.
அது பேச ஆரம்பித்தால்
நிறுக்க யார் வருவார்கள்?
இதைச் சொல்லியிருக்கலாம்.
அழகாகத்தான் இருந்திருக்கும்,
அதனாலேயே சொல்லவில்லை.
அழகான பதில்களை எனக்குத் தெரியும்,
பாதிக்கு மேல் தப்பித்தல்.

"நேற்றைய தீ அணைந்ததா?" என்றேன்.
"அணைந்தது. ஆனால் அது பதில் இல்லையே."
"இல்லை" என்று ஒப்புக்கொண்டேன்.
அதையும் பதிவு செய்துகொண்டான்.

பத்தே காலுக்குப் பேருந்து.
கொண்டையூசி வளைவுகள்.
மலை இடது ஜன்னலில் வந்தது,
பிறகு வலது ஜன்னலில்,
மறுபடி இடது.
கைப்பைக்குள் தக்காளி
யாரும் கேட்காமலே ஒருமுறை அடித்தது.
ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.